ஏழுமலை கல் கேட்டான்

“பதிமூணு மச்சான்!” வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“ஒயுங்கா எண்ணினியா?”

“ரெண்டு தபா எண்ணிட்டேன். பதிமூணு போல்ட்டுதான். நம்பிக்கை இல்லன்னா நீயே பூந்து எண்ணிக்கோ.”

நான் அடியில் போகவில்லை. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ‘பதிமூன்று’ என்று சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டினேன்.

இடம், அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே தணிகாசலம் என்பவரின் வீட்டுப் பின்பக்கம். பங்குனி மாத முற்பகல். எண்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் மறந்துபோகவில்லை, எழுதத்தான் கை வரவில்லை. அடியில் படுத்திருந்தவன் ஏழுமலை. அம்பத்தூரில் நாங்கள் இருவரும் நடத்திய கியர்பாக்ஸ் ஷெட்டில் சரிபாதிக்காரன். அவன் கால்கள் மட்டும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ரப்பர் செருப்பில் அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தான்.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் சாமர்த்தியங்களை எழுதிக்கொண்டு வந்தேன். யாராலும் பிரிக்க முடியாத கியர் பெட்டியைப் பிரித்தேன், மிலிட்டரி லாரிக்கு இரண்டே நாளில் உயிர் கொடுத்தேன் என்றெல்லாம். ஆவடியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “உங்கள் கூட்டாளி ஏழுமலையைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டேன் என்கிறீர்களே, சண்டையா?” என்று கேட்டிருக்கிறார்.

சண்டை இல்லை ஐயா. பயம். அவன் செத்தது என்னால். அது போதாதென்று, செத்தவன் பெயரையும் நான் கெடுத்தேன். இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

மூன்று பெட்டிகளில் ஒன்று

தணிகாசலம் குடும்பம் ஏரித் தண்ணீரில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். மனை போடுகிறவர்கள் அந்தப் பக்கம் நுழைந்ததும், அவரும் ஒரு துண்டு நிலத்தை விற்றார். விற்ற கையோடு துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த ஒரு அமெரிக்க பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கட்டுமான வேலைக்குக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போன வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறும்.

பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் பூ மூட்டையும் கீரைக்கட்டும் ஏற்றப் போகிறேன் என்றார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மூன்று மாதம் ஓடியது. அப்புறம் இன்ஜின் மட்டும் உறுமும், சக்கரம் அசையாது. பெட்டிக்குள் ஏதோ தேய்ந்துவிட்டது.

உள்ளே போடும் சாமான் பம்பாயில்தான் கிடைக்கும். குமணன்சாவடி முனையில் புதிதாக வந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அங்கே ஒரு வியாபாரியைப் பிடித்தேன். மாதுங்காவில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசினார். “எந்தப் பெட்டி?” என்றார். வண்டியின் பெயரைச் சொன்னேன். “அது எனக்கு வேண்டாம். அதே வண்டியில மூணு விதமான பெட்டி வருது. வருஷத்தை வெச்சும் சொல்ல முடியாது. அடியில எண்ணெய் தேங்கற தட்டைப் பாரு” என்றார்.

பார்க்கும் முறையையும் அவரே சொன்னார். தட்டு நீள்சதுரமாக இருந்து பதினாறு போல்ட்டு இருந்தால் அது நாலு கியர் பெட்டி. பதிமூன்று இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. எண்ணிக்கையை வைத்து அந்த இரண்டையும் பிரிக்க முடியாது, உருவத்தைத்தான் பார்க்க வேண்டும். சதுரத் தட்டில் ஒரு மூலையை மட்டும் வெட்டினாற்போல இருந்தால் சின்னப் பெட்டி. கோணல்மாணலாக ஒரு பக்கம் புடைத்திருந்தால் பெரிய பெட்டி.

“ஒண்ணோட சாமான் இன்னொண்ணுக்கு சேராது. மதியத்துக்குள்ள போன் பண்ணிச் சொல்லு. இன்னிக்கு பார்சல் போகுது” என்று வைத்துவிட்டார்.

ஆக, அன்றைக்கு எங்களுக்கு வேலை என்று பார்த்தால் ஸ்பானர் பிடிக்கிற வேலையே இல்லை. அடியில் படுத்து ஒரு தகரத் தட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

கியரில் போட்டு நிறுத்து

இந்த இடத்தில் எங்கள் ஷெட்டுத் தெருவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்களிடம் வரும் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் என்பது கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாடு மாதிரி. இருக்கும், யாரும் அதனிடம் வேலை வாங்க மாட்டார்கள். மேடோ பள்ளமோ, வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டுவிடுவோம். சக்கரம் உருள வேண்டுமென்றால் பல்லோடு பல் கோர்த்து இன்ஜினையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். அது லேசில் நடக்காது. லாரியே நிற்கும்.

அடியில் படுப்பவன் கேட்பான்: “கியர்ல கீதா?” மேலே இருப்பவன் சொல்வான்: “கீது.” அவ்வளவுதான் சம்பிரதாயம். அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் மல்லாந்து படுத்து வேலை செய்தோம்.

ஏழுமலைக்கு மட்டும் அது போதாது. அவனுக்குக் கல் வேண்டும். கருங்கல்லில் ஒரு பாதியை உடைத்து, பிடிக்க வசதியாகக் கம்பி கட்டி வைத்திருந்தான். சக்கரத்துக்கு அதை முட்டுக் கொடுக்காமல் தலையை உள்ளே நீட்ட மாட்டான். வெளிவேலைக்குப் போனாலும் சைக்கிள் கேரியரில் கல் வரும்.

“இன்னா மாமே, ஊட்ல கஸ்தூரிய உட்டுட்டு கல்லோட குடித்தனம் பண்றியா?” என்று தெருவே கிண்டல் செய்யும். கஸ்தூரி அவன் மனைவி.

“சிரிங்கடா. கல்லு இருந்தா அடியில படுத்து நான் தூங்கக்கூட தூங்குவேன்” என்பான்.

அவனும் நானும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்கள். எங்கள் அப்பாக்கள் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அம்பத்தூரில் தொழிற்பேட்டை, எங்கள் பேச்சில் எஸ்டேட், வந்த பிறகு கம்பெனி வாசலில் நின்று வேலைக்குச் சேர்ந்தார்கள். நாங்கள் கொஞ்சம் மேலே வந்து சொந்த ஷெட் போட்டோம். வேலையில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனால் பெயர் வாங்கியது நான். காரணம், எனக்கு இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

ஒருமுறை நகரத்திலிருந்து ஒரு வெளிநாட்டு அதிகாரியின் கார் எங்களிடம் வந்தது. கிளட்ச் இல்லாத கார். அதோடு வந்த புத்தகத்தைப் படித்து, எண்ணெய் மாற்றி அனுப்பிவிட்டேன். புத்தகம் ஷெட்டிலேயே தங்கிவிட்டது. எண்ணெய் மாற்றினது மட்டும்தான் செய்தேன். அன்றிலிருந்து ‘ஆட்டோமேட்டிக் கஜா’ என்று பட்டம் வந்துவிட்டது. எனக்கும் தலை கனத்துவிட்டது. வெள்ளைச் சட்டை அப்போது ஆரம்பித்ததுதான்.

அந்தக் காரை நான் சமதளத்தைத் தவிர வேறெங்கும் நிறுத்திப் பார்த்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை

பதிமூன்று என்று எண்ணிவிட்டு ஏழுமலை வெளியே வந்தான். முதுகெல்லாம் மண்.

“உருவம் இன்னா மாதிரி கீது? மூலை வெட்டிக் கீதா, கோணலா கீதா?”

“அத்த கேக்காதே. ஒரு பக்கம் பூரா சேறும் எண்ணெயும் காஞ்சி அப்பிக் கீது. மாமரத்து நெழலு வேற. விரலால தடவித்தான் போல்ட்ட எண்ணினேன்.”

“அப்ப வெளிச்சத்துக்குத் தள்ளிடலாம்.”

வண்டியை மரத்தடியிலிருந்து முன்னால் தள்ளினோம். ஏரிக்கரையை நோக்கி லேசான மேடு. ஏழுமலை சக்கரத்திலிருந்து தன் கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். தணிகாசலமும் அவர் வீட்டு ஆட்கள் மூன்று பேரும் கை கொடுத்தார்கள். ஸ்டியரிங்கில் நான். பத்தடி, பதினைந்தடி ஏறியதும் நல்ல வெயில். “போதும்” என்றேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே லிவரை இழுத்தேன்.

அந்த லிவருக்குப் பக்கத்தில் எழுத்துப் பட்டை ஒன்று உண்டு. வெயிலில் வெளுத்துப்போயிருந்தாலும் எனக்குத் தெரியும். முதலில் நிறுத்துவதற்கான எழுத்து, பிறகு பின்னால் போக, சும்மா நிற்க, ஓட்ட, கடைசியில் இரண்டு, ஒன்று. நிறுத்துவதற்கென்றே ஒரு இடம் இருந்தது. புத்தகத்தில் படித்திருந்தேன். என் கை அங்கே போகவில்லை. இருபது வருடமாகப் போன இடத்துக்குப் போனது. கடைசிக் குழி. ஒன்று.

முதல் கியர். மேட்டில் நிறுத்தினால் முதல் கியர்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி ஒரு அங்குலம் பின்வாங்கி நின்றது. கியர் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். பின்சக்கரத்துக்குப் பின்னால் மாமரத்து வேர் ஒன்று மண்ணுக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது. பிடித்தது அந்த வேர்.

தணிகாசலம் மோர் கொண்டுவரச் சொல்லப் போனார். ஆட்கள் வரப்புப் பக்கம் போய்விட்டார்கள். ஏழுமலை சரிவில் இறங்கிப் போகத் திரும்பினான்.

“எங்க போற?”

“கல்லு அங்கயே கீது மச்சான். எட்த்துகினு வந்துடறேன்.”

“எதுக்கு மாமே? ஒண்ணாம் கியர்ல போட்டுகீறேன். லாரியே நிக்கும், இது நிக்காதா? பூந்து பாத்துட்டு வா. பம்பாய்க்காரன் காத்துகினு கீறான், குமணன்சாவடிக்கு வேற சைக்கிள் மெதிக்கணும்.”

கல் பதினைந்தடி தள்ளி வெயிலில் கிடந்தது. அவனும் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன்.

“கியர்ல கீது இல்ல?”

“கீது.”

அவன் படுத்து உள்ளே போனான்.

கொஞ்ச நேரம் சுரண்டுகிற சத்தம் கேட்டது. “ஸ்க்ரூ டிரைவருக்கு வருது மச்சான், காஞ்ச சேறுதான். அந்த டார்ச்ச குடு” என்றான். டார்ச் வண்டிக்குள் இருந்தது. நான் அந்தப் பக்கம் சுற்றிப்போய்க் கதவைத் திறந்து, சீட்டில் முழங்காலை ஊன்றிக் கையை நீட்டினேன்.

என் கனம் பட்டு வண்டி ஆடி, வேரைத் தாண்டியது.

நான் ஸ்டியரிங்குக்கு எதிர்ப்பக்கம் இருந்தேன். சீட்டில் குப்புற விழுந்து, பிரேக்கைக் கையால் அமுக்கப் பார்த்தேன். எட்டவில்லை. சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

வண்டி வெகுதூரம் போகவில்லை. முன்சக்கரம் பின்னால் உருண்டு அவன் இடுப்பில் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. கல் இல்லாமல் போன இடத்தில் அவன் உடம்பு வண்டியை நிறுத்தியது.

ஒரு முழத் தூரத்தில்

ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் முட்டுக்கொடுத்து வண்டியை மேலே தள்ள, நான் அடியில் படுத்து அவனை இழுத்தேன். முதல் தடவையாக அன்றைக்கு நான் அந்த வண்டிக்கு அடியில் போனேன்.

தட்டு என் கண்ணுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவன் சேற்றைச் சுரண்டிச் சுத்தமாக்கி வைத்திருந்தான். சதுரம். ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல. ‘சின்னப் பெட்டி’ என்று என் மனசு சொன்னது. அவன் என் கையில் கிடந்து முனகிக்கொண்டிருக்கும்போது என் மனசு அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டது. மற்ற எதை மன்னித்தாலும் என்னை நான் இதற்காக மன்னித்தது இல்லை.

அந்தப் பெட்டியில் ஊற்றும் எண்ணெய் சிவப்பாக இருக்கும். என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. எது எண்ணெய், எது அவன் ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

பால்வண்டி ஒன்றில் அவனைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பின்னால் நானும் அவனும் மட்டும். காலி பால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. பாதி வழியில் அவன் கண்ணைத் திறந்தான்.

“மச்சான்... கியர்லதான கீதுன்ன?”

“ஆமா மாமே. ஒண்ணுல.”

“அப்பறம் எப்டி உருண்டுச்சி?”

கோபமே இல்லை. ஷெட்டில் ஒரு வண்டி புரியாமல் போனால் கேட்பானே, அந்த மாதிரிதான் கேட்டான். நிஜமாகவே அவனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “தெர்ல மாமே” என்றேன். அவன் யோசிப்பவன் மாதிரி புருவத்தைச் சுருக்கினான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

பதில் பிற்பாடு கிடைத்தது. பால் தெளித்த மறுநாள், அந்த அதிகாரி காரின் பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த மாதிரிப் பெட்டியில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பல்லோடு பல் கோர்க்கிற சமாசாரம் இல்லை. நடுவில் எண்ணெய்தான் வேலை செய்கிறது. இன்ஜின் ஓடினால்தான் எண்ணெய்க்கு அழுத்தம். அணைத்துவிட்டால் ஒன்றில் போட்டாலும் இரண்டில் போட்டாலும் வண்டி சும்மா நிற்கிற மாதிரிதான். நிறுத்துவதற்கென்று இருக்கும் அந்த முதல் எழுத்தில் போட்டால் மட்டும் ஒரு இரும்புப் பல் விழுந்து பிடிக்கும்.

கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மேட்டில் நிறுத்தும்போது கவனம் என்று. நான் படித்த பக்கம்தான். எண்ணெய் மாற்றும் பாடம் அடுத்த பக்கத்தில் இருந்ததால் வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

தலையை ஆட்டினேன்

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். தணிகாசலம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “பார்த்துச் சொல்லுப்பா. கேஸ் ஆயிட்டா வண்டியும் போயிடும், நீயும் உள்ள போயிடுவ” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மோர் எடுக்கப் போயிருந்தார். கல்லைப் பற்றி ஏழுமலை கேட்டதும் நான் சொன்னதும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் உள்ளே துணி மூடிக் கிடந்தான்.

“கல்லு கில்லு வைக்காமலா அடியில போனான்?” என்றார் போலீஸ்காரர்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “சொன்னேன் சார். கேக்கல” என்றேன்.

மூன்றே சொல். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். கஸ்தூரி ஆஸ்பத்திரிக்கு வந்து தரையில் விழுந்து புரண்டபோது, யாரோ அவளிடம், “கல்லு வெக்காம பூந்துட்டாரும்மா” என்றார்கள். நான் அங்கேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு வந்தது. யாராவது அவசரமாக வண்டிக்கு அடியில் போனால், “டேய், ஏழுமலை வேலை பண்ணாதே, கல்ல வை” என்பார்கள். ஒரு வருடத்தில் அது கல்லைத் தாண்டிப் போய்விட்டது. நட்டை முடுக்காமல் விட்டால் ஏழுமலை வேலை. எண்ணெய் ஊற்றாமல் வண்டியை எடுத்தால் ஏழுமலை வேலை. அந்தத் தெருவிலேயே கல் இல்லாமல் படுக்காத ஒரே மனுஷன் பெயர், ஏனோதானோ வேலைக்குப் பெயராகிவிட்டது.

என் ஷெட்டிலும் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு ஸ்பானரைத் துடைப்பேன். வாயைத் திறந்தால் போதும், நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் வருடக்கணக்கில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பருத்திப்பட்டு வீட்டில்

கஸ்தூரி பருத்திப்பட்டில் ஏரிப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். எஸ்டேட்டில் ஒரு துணி தைக்கும் கம்பெனிக்குப் போனாள். ஒவ்வொரு வருடமும் அவன் இறந்த நாளில் படையல் போடுவாள். நானும் தேங்காய், பழத்தோடு போவேன். “வாங்கண்ணா” என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். எனக்கும் இலை போடுவாள். சாப்பிட்டுவிட்டு வருவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் இலை போட்டுக்கொண்டே படத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“துன்னு. உனக்கு இன்னா, துன்னுட்டு படத்துல சிரிச்சிகினு இருப்ப. ஒரு கல்லு எட்த்து வெக்க முடியல உன்னால. ஊட்ல ஒருத்தி காத்துகினு இருப்பாளேன்னு நெனப்பு வந்துச்சா உனக்கு? கம்பெனில வண்டி ஓட்றவன் என்னை வெச்சிகினே சொல்றான், ஏழுமலை வேலை பண்ணாதேன்னு. தலைய குனிஞ்சிகினு வந்தேன். உன்னாலதான்.”

நான் கதவைத் தள்ளினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அவன் கல்லு கேட்டான்மா” என்றேன்.

அவள் திரும்பினாள்.

“கல்லு எட்த்துகினு வரேன்னு சொன்னான். நான்தான் வேணாம்னேன். வண்டிய தப்பான கியர்ல போட்டவனும் நான்தான். போலீஸ்ல பொய் சொன்னேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த கரண்டியைக் குண்டானில் வைத்தாள். படத்தின் பக்கம் திரும்பினாள்.

“வருசா வருசம் சோறு போட்டுட்டு திட்னேன் அவர. தெனம் காலைல வெளக்கேத்தறப்போ திட்னேன். சாவு ஊட்லகூட திட்டிகினேதான் அழுதேன். ஒரு நாளுகூட சும்மா அழுததில்ல” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நான் திட்னதெல்லாம் இப்ப எப்டிண்ணா திருப்பி வாங்கறது?” என்று கேட்டாள்.

ஏழுமலை கேட்டதற்காவது புத்தகத்தில் பதில் இருந்தது. இதற்கு எங்கே போய்த் தேடுவது?

காலில் விழப் போனேன். நகர்ந்துகொண்டாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, முடியை முடிந்துகொண்டு வந்தாள். செருப்பை மாட்டினாள்.

“கெளம்பு” என்றாள். ‘அண்ணா’ என்ற சொல் போய்விட்டது.

“எங்கம்மா?”

“எங்கிட்ட சொன்னா ஆச்சா? உங்க தெருவுக்கு வா. ஒவ்வொரு கடையா சொல்லு. நான் நிக்கறேன்.”

கடை கடையாக

பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். அம்பத்தூரில் இறங்கி நடந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வேலையில் இருந்த நேரம். ஒன்பது ஷெட்.

முதல் ஷெட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். அணைக்கும் வரை அவள் வாசலில் காத்திருந்தாள். நான் சொன்னேன். தயங்கித் தயங்கி, விட்டு விட்டு. அங்கிருந்த பெரியவர், “இப்ப இன்னாத்துக்கு நைனா இதெல்லாம்?” என்றார். கஸ்தூரி அடுத்த ஷெட்டுக்கு நடந்தாள்.

மூன்றாவது ஷெட்டில் ஒருவன் என் காலடியில் காறித் துப்பினான். ஏழுமலையிடம் தொழில் கற்றவன் அவன். ஐந்தாவதில் கேட்டுவிட்டு எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பேச்சை அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான். போகப் போக எனக்கு வார்த்தை சுலபமாக வந்தது. அதுவே அசிங்கமாக இருந்தது. அவன் கல் கேட்டான், நான் வேண்டாமென்றேன், வண்டியை நான் தப்பாக நிறுத்தினேன், பொய் சொன்னேன். ஏழாவது கடை வருவதற்குள் இதைப் பாடம் மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியில் இருந்தது லேத் பட்டறை. முதலாளி வெளியே போயிருந்தார். லேத் ஓட்டுகிறவர் மட்டும் இருந்தார். முப்பது வயதிருக்கும், சேலம் பக்கத்து ஆள், வந்து இரண்டு வருடம் ஆகிறது என்றார். மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நான் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டார். முடித்ததும் கொஞ்சம் குழம்பினார்.

“ஏழுமலைங்கறது ஒரு ஆளுங்களா?” என்றார். “நான் வந்ததுலேர்ந்து கேக்கறேங்க. கோக்குமாக்கா செய்யற வேலைக்கு இந்தப் பக்கம் அப்படிச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்.”

அதுவரை எந்தக் கடையிலும் வாய் திறக்காத கஸ்தூரி, படியேறி உள்ளே வந்தாள்.

“ஆளுதான்பா” என்றாள். “என் ஊட்டுக்காரரு. கல்லு கேட்டாரு.”